ஈ.எல்.ஓ. இல்லீங்க, எலோ!

முதல்ல ஒரு வாக்குமூலம். கோட்ஃபோர்சஸ்ல என் ரேட்டிங் 1400-ஐத் தாண்டி, பேரு பச்சையிலிருந்து சயான் கலருக்கு மாறின ராத்திரி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எல்லா குரூப்லயும் போட்டேன். ரெஸ்யூம்லயும் ஏத்திட்டேன். அதுக்கப்புறம் ஒரு கான்டெஸ்ட் கூட எழுதல. எழுதினா குறைஞ்சிடுமோன்னு பயம். ப்ளேஸ்மென்ட் முடியற வரைக்கும் அந்தக் கலர் அப்படியே இருக்கணும்னு பூட்டி வெச்ச நகை மாதிரி வெச்சிருந்தேன்.

நீங்களும் இப்படி ஏதாவது ஒரு நம்பரைப் பூட்டி வெச்சிருந்தீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இதே சமயத்துல எங்க டீம் மினி ப்ராஜெக்ட்டுக்கு எடுத்த தலைப்பு, என்.பி.ஏ. பாஸ்கெட்பால் மேட்ச்ல யார் ஜெயிப்பாங்கன்னு முன்கூட்டியே கணிக்கறது. தேடத் தேட எல்லா வழியும் ஒரே இடத்துல வந்து நின்னுச்சு: எலோ ரேட்டிங். கோட்ஃபோர்சஸ் ரேட்டிங்குக்கும் அதுதான் அடிப்படை. ரொம்ப நாளா அது ஏதோ மூணு வார்த்தையோட சுருக்கம்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். ஆங்கிலத்துல நிறைய பேர் மூணு எழுத்தையும் பெரிய எழுத்தாவே போடுவாங்க, அதான் குழப்பம். அது சுருக்கம் இல்ல. ஒரு மனுஷரோட பேரு. அவர் பாஸ்கெட்பாலுக்காக அதை உருவாக்கவும் இல்ல. அவர் கதையைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

கிராமத்திலிருந்து கிளீவ்லாந்துக்கு

ஆர்பாட் எலோ 1903 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, அப்போதைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், எகிஹாசாஷ்கெஸோ என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். (இந்தப் பேரை ஒரே மூச்சில் சொல்லிட்டீங்கன்னா மெஸ்ல டீ என் கணக்கு.) ஹங்கேரிய மொழியில் அவர் குடும்பப் பெயருக்கு உயிரோடு இருப்பது என்று பொருள். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவேன்.

1913-இல் பெற்றோருடன் அமெரிக்கா வந்தார். அப்போது அவருக்குப் பத்து வயதுதான். முதல் உலகப் போர் ஆரம்பிக்க ஒரு வருஷம் இருந்தது. குடும்பம் தங்கியது ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத்தில். இந்த ஊரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். 1920-களில் விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கியில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். வாழ்நாள் வேலையே அதுதான். பகலில் கிளாஸ், சாயங்காலம் செஸ். மில்வாக்கி அப்போது அமெரிக்காவின் முக்கியமான செஸ் ஊர்களில் ஒன்று. 1930-களில் அந்த ஊரின் பலமான ஆட்டக்காரர் எலோதான். விஸ்கான்சின் மாநில சாம்பியன் பட்டத்தை எட்டு முறை வென்றார். 1939-இல் இரண்டு அமைப்புகள் இணைந்து அமெரிக்க செஸ் கூட்டமைப்பு உருவானபோது அந்த வேலையிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

ஆனா ஒண்ணு, அவர் உலகத்தரமான ஆட்டக்காரர் இல்ல. நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான். அது அவருக்கே நல்லாத் தெரியும்.

1957-இல் மில்வாக்கியில் ஒரு ஓபன் போட்டி நடந்தது. ஐம்பதைத் தாண்டிய பேராசிரியர் எலோவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது பதினாலு வயசுப் பையன். வெள்ளைக் காய் எலோவுக்கு. ஜெயித்தது பையன். பேரு பாபி ஃபிஷர். அடுத்த சில மாதங்களில் அவன் அமெரிக்க சாம்பியனே ஆகிவிட்டான்.

யோசிச்சுப் பாருங்க. பதினாலு வயசுப் பையன் கிட்ட தோத்தா நமக்கு எப்படி இருக்கும்? ஆனா அந்தப் பையன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரன் என்பதை உலகத்துக்கே எண்ணால் காட்டப்போகும் அளவுகோலைச் செய்தவர், அன்னைக்கு அவனிடம் தோற்ற இதே மனுஷர்தான்.

ஜெயிச்சாலும் குறையுமா?

எலோவுக்கு முன்னாடியும் செஸ்ல ரேட்டிங் இருந்தது. 1950 முதல் அமெரிக்காவில் பயன்பட்டது கென்னத் ஹார்க்னஸ் என்பவர் கொடுத்த முறை. ரொம்ப சிம்பிள். ஒரு போட்டியில் உங்க எதிராளிகளோட சராசரி ரேட்டிங் எவ்வளவு? நீங்க பாதி பாயின்ட் எடுத்தா அந்தச் சராசரிதான் அந்தப் போட்டிக்கான உங்க மதிப்பு. அதுக்கு மேல ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 புள்ளி கூடும், கீழ போனா 10 குறையும்.

இதுல எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிச்சீங்களா? 2300 ரேட்டிங் உள்ள ஒருத்தர், சராசரி 1700 உள்ளவங்களோட ஆடி எல்லாத்தையும் ஜெயிக்கிறார்னு வைங்க. நூறு சதவீதம், அதாவது பாதிக்கு மேல ஐம்பது சதவீதம். 1700 கூட்டல் 500, மொத்தம் 2200. ஒரு ஆட்டம்கூடத் தோக்காம அவர் மதிப்பு 2300-க்குக் கீழ! இந்தப் பக்கம் 1000 ரேட்டிங் உள்ளவர் அதே ஆட்களிடம் எல்லா ஆட்டமும் தோத்தா 1700 கழித்தல் 500, 1200. முட்டை வாங்கினவருக்குப் ப்ரமோஷன்.

1959-இல் இதைச் சரி செய்ய அமெரிக்க செஸ் கூட்டமைப்பு ஒரு குழு போட்டது. தலைவர் எலோ.

இயற்பியல் வாத்தியார் பார்வை

இங்கதான் அவரோட தொழில் உதவுது. நாமெல்லாம் முதல் வருஷ பிசிக்ஸ் லேப்ல ஒரே நீளத்தை அஞ்சு தடவை அளந்து சராசரி எடுத்தோம், ஞாபகம் இருக்கா? அஞ்சு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதுக்காகக் கம்பியோட நீளம் மாறுதுன்னு சொல்ல மாட்டோம். உண்மையான அளவு ஒண்ணு இருக்கு, நம்ம ரீடிங் அதைச் சுத்தி ஆடுதுன்னு சொல்வோம்.

எலோ மனுஷங்களையும் அப்படித்தான் பார்த்தார். ஒரு ஆட்டக்காரரோட திறமை நேரடியாகத் தெரியாது. ஒவ்வொரு ஆட்டமும் ஒரு ரீடிங். ஒரு நாள் நல்லா ஆடுவார், ஒரு நாள் சொதப்புவார். ஆனா அந்த ஆட்டமெல்லாம் ஒரு நடுப்புள்ளியைச் சுத்தி மணி வடிவ வளைவு போலப் பரவியிருக்கும். அந்தப் பரவலின் திட்ட விலக்கத்தை 200 புள்ளி என்று எடுத்துக்கொண்டார். ரெண்டு பேர் மோதும்போது ரெண்டு வளைவுகள் மோதுகின்றன. யார் ஜெயிப்பார்னு உறுதியாச் சொல்ல முடியாது, எவ்வளவு வாய்ப்புன்னு சொல்லலாம்.

இந்தக் கணக்குக்கு அவர் மட்டுமே சொந்தக்காரர் இல்ல. செர்மெலோ என்ற கணித மேதை 1929-லேயே இது போல ஒன்றை எழுதியிருக்கிறார். ஆனா சாதாரண கிளப் ஆட்டக்காரர்கூடப் புரிஞ்சுக்கிற மாதிரி, காகிதமும் பென்சிலும் வெச்சு ஓட்டுற ஒரு முறையா நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் எலோ.

இப்ப எல்லாரும் பயன்படுத்தற வடிவம் இதுதான். எதிராளியோட ரேட்டிங்கிலிருந்து உங்க ரேட்டிங்கைக் கழிங்க. 400-ஆல் வகுங்க. 10-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, 1-ஐக் கூட்டுங்க. அப்புறம் 1-ஐ அந்த விடையால் வகுங்க. வர்றதுதான் உங்களுக்கு எதிர்பார்க்கப்படும் ஸ்கோர். ரெண்டு பேரும் சமம்னா 50 சதவீதம். நீங்க 100 புள்ளி மேல இருந்தா 64. 200 மேலன்னா 76. 400 மேலன்னா 91. கவனிங்க, 100 எப்பவும் வராது.

ஆட்டம் முடிஞ்சதும் ஒரே ஒரு கழித்தல். நடந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழிச்சு, 'கே' என்கிற ஒரு எண்ணால் பெருக்கி, பழைய ரேட்டிங்கோட கூட்டணும். அவ்வளவுதான் மொத்த சிஸ்டமும். ஜெயிக்க வேண்டியவர் ஜெயிச்சா கொஞ்சம்தான் கூடும். தோக்க வேண்டியவர் தோத்தா கொஞ்சம்தான் குறையும். எதிர்பாராதது நடந்தாத்தான் எண் பெருசா நகரும். ஹார்க்னஸ் முறையில் இருந்த அந்த ஓட்டையும் அடைஞ்சுபோச்சு. எல்லாத்தையும் ஜெயிச்சவருக்கு இனிமே எண் குறையவே குறையாது.

இந்த அளவீடு எவ்வளவு தோராயமானதுன்னு அவரே வெளிப்படையாச் சொல்லியிருக்கார். தண்ணியில குதிச்சிட்டே இருக்கற ஒரு தக்கையோட இடத்தை, காத்துல ஆடுற கயித்துல கட்டின ஸ்கேல் வெச்சு அளக்கற மாதிரியாம் இது. தான் உருவாக்கின கருவியைப் பத்தி இவ்வளவு நேர்மையாப் பேசற ஆளை நான் எங்கயும் பார்க்கல. நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எல்லாம் எப்படி எழுதறோம்னு உங்களுக்கே தெரியும்.

கால்குலேட்டரும் ஃபிஷரும்

1960-இல் அமெரிக்க செஸ் கூட்டமைப்பு எலோ முறையை ஏற்றது. 1970-இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயும் ஏற்றது. அதற்குப் பின் பல வருஷங்கள், 1980-களின் நடுப்பகுதி வரை, உலகப் பட்டியலுக்கான கணக்குகளை எலோவே ஒரு கையடக்கக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு போட்டார். உலகம் முழுக்க நடக்கும் போட்டிகளின் முடிவுகள், வயதான ஒரு பேராசிரியர், ஒரு கால்குலேட்டர். 1978-இல் தன் முறையை விளக்கி ஒரு புத்தகமும் எழுதினார். அதில் ரேட்டிங்கே இல்லாத காலத்துப் பழைய சாம்பியன்களுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

1971-இல் வந்த முதல் அதிகாரப்பூர்வ ஃபிடே பட்டியலில் முதல் இடம் யாருக்கு? 2760 புள்ளியோடு பாபி ஃபிஷருக்கு. மில்வாக்கியில் அவரைத் தோற்கடித்த அதே பையன்.

அடுத்த வருஷம் ஐஸ்லாந்தில் ஃபிஷருக்கும் உலக சாம்பியன் ஸ்பாஸ்கிக்கும் புகழ்பெற்ற மோதல். ஃபிஷர் 2785, ஸ்பாஸ்கி 2660. 125 புள்ளி வித்தியாசம். ஃபார்முலாவில் போட்டால் ஃபிஷருக்கு 67 சதவீதம். ஃபிஷர் வராமலே விட்டுக்கொடுத்த ஒரு ஆட்டத்தைத் தள்ளிவிட்டு, பலகையில் ஆடின 20 ஆட்டங்களை மட்டும் எடுத்தால் அவர் எடுத்தது பன்னிரண்டரை புள்ளி. 62.5 சதவீதம். கால்குலேட்டர்காரர் கிட்டத்தட்ட சரி.

அதுக்கப்புறம் இந்த எண் செஸ் உலகத்தோட உயரக் குறியாவே மாறிடுச்சு. 2006-இல் நம்ம விஸ்வநாதன் ஆனந்த் 2800-ஐத் தொட்டார்னு கொண்டாடினோமே, அந்த 2800 எலோ புள்ளிதான்.

பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குள்

ரெண்டு தரப்பு மோதி ஒருத்தர் ஜெயிக்கிற எதுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எம்.ஐ.டி.யில் படித்த ஜெஃப் சாகரின் 1985 முதல் யு.எஸ்.ஏ. டுடே பத்திரிகையில் வெளியிட்ட விளையாட்டு ரேட்டிங்குகளில் எலோ செஸ் என்றே ஒரு வகை இருந்தது. 2015-இல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம், 1946-இல் தொடங்கிய முதல் சீசன் வரை பின்னோக்கிப் போய், என்.பி.ஏ. அணிகள் எல்லாவற்றுக்கும் எலோ போட்டது. அந்தத் தளம் 2025-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனா முறையை முழுசா எழுதி வெச்சிருந்ததால எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

செஸ்ஸை அப்படியே பாஸ்கெட்பாலுக்கு மாத்தினா வேலைக்கு ஆகாது. மூணு ஒட்டு போடணும்.

ஒண்ணு, சொந்த ஊர். என்.பி.ஏ.வில் சொந்த கோர்ட்டில் ஆடும் அணிக்கு எப்பவும் ஒரு கை ஓங்கியிருக்கும். அதனால் கணக்குப் போடும்போது அந்த அணிக்கு 100 புள்ளி சேர்ப்பாங்க. 1600 உள்ள அணி, 1500 உள்ள அணியைத் தன் ஊருக்கு வரவழைச்சா வித்தியாசம் 100 இல்ல, 200. ஜெயிக்க வாய்ப்பு 64-லிருந்து 76 ஆகும். 'கே' 20 என்று வைத்தால், ஜெயிச்சா 4.8 புள்ளி கூடும், தோத்தா 15.2 போகும். பாருங்க, பெரிய அணிக்கு ஜெயிக்கிறதுல லாபம் கம்மி, தோக்கறதுல அடி ஜாஸ்தி.

ரெண்டு, வித்தியாசம். செஸ்ல ஜெயிச்சா ஜெயிச்சதுதான். இங்க 1 பாயின்ட்ல ஜெயிக்கிறதும் 30 பாயின்ட்ல ஜெயிக்கிறதும் ஒண்ணு இல்ல. அதனால பெரிய வெற்றிக்கு அதிக மாற்றம். ஆனா 30 என்பது 10-ஐ விட மூணு மடங்கு இல்ல, ஏன்னா கடைசி அஞ்சு நிமிஷம் ரிசர்வ் ஆளுங்கதான் ஆடிட்டு இருப்பாங்க. அதனால மாற்றம் மெதுவாத்தான் ஏறும்.

மூணு, சீசன் இடைவெளி. ஆள் மாறும், கோச் மாறுவார். அதனால் புது சீசன் தொடங்கும்போது ஒவ்வொரு அணியும் தன் பழைய ரேட்டிங்கில் முக்கால் பங்கை மட்டும் வெச்சுக்கும். மீதிக் கால் பங்கு சராசரியை நோக்கி இழுக்கப்படும். போன வருஷப் பெருமைக்கும் ஒரு தேய்மானம் உண்டு.

இவ்வளவு பண்ணியும் எங்க மாடல் சுமாரா மூணு மேட்சுக்கு ரெண்டைத்தான் சரியாச் சொல்லுச்சு. வைவாவில் ஏன் இவ்வளவு கம்மின்னு கேட்டாங்க. நாங்க முழிச்சோம். இப்ப கேட்டா சொல்வேன். சொந்த ஊர் அணிதான் ஜெயிக்கும்னு கண்ணை மூடிச் சொன்னாலே நீண்ட காலச் சராசரியில் பத்துக்கு ஆறு சரியா வரும். அதுக்கு மேல ஒவ்வொரு சதவீதமும் ரத்தம் சிந்தி எடுக்கணும். அப்புறம், 70 சதவீதம்னு நாம சொன்ன அணிகள் பத்துக்கு ஏழு தடவை ஜெயிச்சா அந்த மாடல் சரியா வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். மீதி மூணு தடவை தோக்கணும். தோக்கலைன்னாத்தான் மாடல் தப்பு!

இதுக்கு 2016 ஃபைனலை விட நல்ல உதாரணம் இல்ல. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அந்த சீசனில் 73 ஜெயிச்சு 9 மட்டும் தோத்து ரெகார்டு போட்டிருந்த அணி. ஏழு ஆட்ட ஃபைனலில் 3-1 என்று முன்னிலை. அதுவரைக்கும் என்.பி.ஏ. ஃபைனலில் அந்த நிலைமையில் இருந்த 32 அணிகளும் கோப்பையை ஜெயிச்சிருந்தன. மீதி ஒவ்வொரு ஆட்டத்திலும் வாரியர்ஸுக்கு 60 சதவீதம்னு வெச்சாக்கூட, எதிரணி மூணையும் ஜெயிக்க வாய்ப்பு 6.4 சதவீதம்தான்.

எதிரணி மூணையும் ஜெயிச்சது. ஜூன் 19, ஏழாவது ஆட்டம், வாரியர்ஸோட சொந்த கோர்ட்டில், 93-89. அஞ்சாவது ஆட்டத்தில் டிரேமாண்ட் கிரீன் சஸ்பெண்ட் ஆனதும், அதே ஆட்டத்தில் போகட்டுக்கு முழங்கால் அடிபட்டதும் எலோ எண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது பழைய ஸ்கோர் மட்டும்தான்.

ஜெயிச்ச அணி எதுன்னு தெரியுமா? கிளீவ்லாந்து. பத்து வயசு ஆர்பாட் வந்து இறங்கின அதே ஊர். எலோ கணக்கை அடிச்சுப் போட்டது எலோ வளர்ந்த ஊரு! அந்தக் கணக்கு இதனால உடைஞ்சு போகல. 6.4 சதவீதம்னா பூஜ்யம் இல்லன்னு அது முதலிலிருந்தே சொல்லிட்டுத்தான் இருந்தது.

உயிரோடு இருக்கும் எண்

எலோ 1992 நவம்பர் 5-ஆம் தேதி, விஸ்கான்சினில் தன் வீட்டில் இறந்தார். வயது 89. தன் பெயர் ஃபிஃபா கால்பந்துப் பட்டியல் வரைக்கும், ஆன்லைன் கேம் வரைக்கும், ஏ.ஐ. சாட்பாட்டுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு வரிசைப்படுத்துவது வரைக்கும் போகும் என்று அவர் பார்க்கவில்லை. ஆனா ஒரு விஷயத்தை அவர் உயிரோட இருக்கும்போதே பார்த்துட்டார். இளம் ஆட்டக்காரர்கள் பலகையை விட்டுட்டு எண்ணையே பார்க்க ஆரம்பிச்சதை. ஏதோ பூதத்தைக் கிளப்பி விட்டுட்டோமோங்கற வருத்தம் கடைசிக் காலத்தில் அவருக்கு இருந்தது.

அதைப் படிச்ச அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது. அந்த வருத்தம் என்னைப் பத்தினது.

எலோ முறையில் ரேட்டிங் என்பது பரிசு இல்ல, பட்டமும் இல்ல. அடுத்த ஆட்டத்துக்கான ஒரு யூகம். ஆடினாத்தான் அது திருத்தப்படும். ஆடாம வெச்சிருந்தா அது பாதுகாப்பா இல்ல, பழசாயிட்டு இருக்கு. நான் பொத்திப் பொத்தி வெச்சிருந்த 1400 என் திறமையோட அளவே இல்ல. ஆறு மாசத்துக்கு முன்னாடி இருந்த ஒருத்தனோட போட்டோ. இன்டர்வியூவில் அதைக் காட்டி என்ன பண்ண? எதிர்ல உட்கார்ந்திருக்கறவர் கேள்வி கேட்கப் போறது போட்டோகிட்ட இல்ல, என்கிட்ட.

ஐம்பதைத் தாண்டின வயசுல, பதினாலு வயசுப் பையனுக்கு எதிர்ல உட்கார்ந்து காயை நகர்த்தின அந்த வாத்தியாருக்கு இந்தப் பயம் இருந்த மாதிரித் தெரியல.

போன வாரம் ராத்திரி கான்டெஸ்ட் எழுதினேன். மூணாவது ப்ராப்ளம்ல மாட்டி, கேவலமா முடிச்சேன். ரேட்டிங் 1400-க்குக் கீழ போச்சு. பேரு மறுபடியும் பச்சை. ரெஸ்யூம்ல அந்த வரியை எடுத்துட்டேன். கொஞ்சம் வலிச்சது, உண்மைதான். ஆனா அந்த மூணாவது ப்ராப்ளத்தை மறுநாள் மெஸ்ல தோசை ஆறிப்போகற வரைக்கும் யோசிச்சுப் போட்டு முடிச்சேன். ஆறு மாசத்துல நான் புதுசாக் கத்துக்கிட்ட முதல் விஷயம் அது.

அவர் பேருக்கு உயிரோடு இருப்பதுன்னு அர்த்தம்னு சொன்னேனே. எண்ணும் அப்படித்தான். ஆடற வரைக்கும்தான் அதுக்கு உயிர்.

நீங்க பூட்டி வெச்சிருக்கற நம்பர் எது? அடுத்த கான்டெஸ்ட் ஞாயித்துக்கிழமை ராத்திரி. நான் எழுதறேன். நீங்களும் வாங்க.